இடப்பக்கம் வந்து நின்றவர்

யாராவது சத்தமில்லாமல் என் இடப்பக்கம் வந்து நின்றால் இன்றைக்கும் எனக்குப் பிடரி கூசும். வருகிறவர் தபால்காரராக இருக்கலாம், என் சொந்தப் பேத்தியாகவும் இருக்கலாம். சட்டென்று திரும்பிப் பார்த்துவிடுவேன். திரும்ப முடிகிறதே என்று மனசுக்குள் ஓர் அல்ஹம்துலில்லாஹ்வும் சொல்லிக்கொள்வேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் ஒரு டாக்டர்.

அவர் மாத்தளை பெரியாஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தபோது நான் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தேன். ஒரு பகல் துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன், மேசைமேல் நிழல் விழுந்தது. திரும்பினால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நெட்டை மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் களிசான், கையில் குடை. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. கத்தரி நழுவிக் காலில் விழாதது என் நல்ல காலம்.

"உமக்கு ஒண்டும் இல்லை," என்றார்.

"என்னங்க?"

"உடனை திரும்பினீர். நல்லம். களிசானுக்கு அளவெடும், தம்பி."

பேச்சிலேயே யாழ்ப்பாணம் தெரிந்தது. மனுஷருக்கு ஒரு மறை கழன்றிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், யாரிடம் போனாலும் அப்படித்தான். நேர் முன்னால் வரமாட்டார். இடப்பக்கமாகப் போய், வாயைத் திறக்காமல், கொஞ்சம் நிற்பார். ஆள் திரும்பிவிட்டால் "சரி" என்று தன் வேலையைப் பார்க்கப் போவார். திரும்பாவிட்டால் நின்றுகொண்டே இருப்பார். 

அந்தக் காலத்தில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த தமிழர்கள் சிங்களப் பரீட்சை எழுதித் தேற வேண்டியிருந்தது. எங்களுக்குச் சிங்களம் தெருவில் விளையாடும்போதே வந்துவிடும். அவருக்கு ஒரு சொல் வரவில்லை. ஆகவே பின்னேரங்களில் என் கடை வாங்கில் வந்து உட்கார்ந்து என்னிடம் சிங்களம் படித்தார். முதல் நாள் அவர் கேட்டது சாப்பாட்டுக்கோ பஸ்ஸுக்கோ உரிய சொல் இல்லை. இடதுக்கும் வலதுக்கும் என்ன சொல் என்று கேட்டார். "வம, தகுண" என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்கு மேல் பாடம் அவ்வளவாக நகரவில்லை, ஏனென்றால் அவருடைய கண் எப்போதும் தெருவில் போகிறவர்கள்மேல் இருந்தது.

ஒரு சந்தை நாளில் வாங்கிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தக் கோட்டுப் போட்டவரைப் பாரும். இடத் தோள் முழுக்கச் சுண்ணாம்பு."

பார்த்தேன். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கணக்கப்பிள்ளை. கறுப்புக் கோட்டின் ஒரு தோள் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"சுவரிலை உரசிக்கொண்டு வாறார். உரசுறது அவருக்குத் தெரியேல்லை. கூப்பிடும்."

கோட்டைத் துடைத்துத் தருகிறேன் என்று உள்ளே கூப்பிட்டேன். அவர் கதவு நிலையில் இடத் தோளை இடித்துக்கொண்டு வந்தார். "ஒங்க கதவு குறுகிப்போச்சே, மொதலாளி," என்றார். டாக்டர் என் பொத்தான் டின்னை எடுத்தார். கைதவறியது போல மேசை முழுக்கக் கொட்டினார்.

"ஐயோ, தம்பியின்ரை பட்டன். ஒருக்காப் பொறுக்கித் தாறியளோ?"

கணக்கப்பிள்ளை நல்ல மனிதர். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மேசையின் வலப் பாதி சுத்தமாகியது. நடுவுக்கு வந்ததும் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். இடப் பாதி முழுக்கப் பொத்தான்கள் அப்படியே கிடந்தன. நான் சிரித்துவிட்டேன். டாக்டருடைய சப்பாத்து என் காலை மிதித்தது.

"வேறை இல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேற எங்கங்க இருக்கு? சுத்தமாப் பொறுக்கிட்டேனே."

கணக்கப்பிள்ளையின் முகத்தில் விளையாட்டு இல்லை. சிகப்பும் பச்சையுமாக அத்தனை பொத்தான்கள் அவர் கைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன, அவர் என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறார். 

கணக்கப்பிள்ளை போன பிறகு, அவருக்குக் கண் பழுதா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"கண் வடிவாத் தெரியுது. மூளையிலை வலப்பக்கம் அடிபட்டா, இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதே சிலருக்கு இல்லாமப் போயிடும். குருடனுக்குத் தான் குருடன் எண்டு தெரியும், தடவித் தடவிக் கவனமாப் போவான். இவைக்கு அதுவும் தெரியாது. உலகம் இவ்வளவுதான் எண்டு நினைச்சுக்கொண்டு கைவீசி நடப்பினம்."

"கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"ஆளைக் கேக்காதையும். ஆள் பொய் சொல்லேல்லை, ஆனா ஆளுக்குத் தெரியாது. மேசையைக் கேளும்."

இந்தக் கடைசிப் பேச்சை எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரியில் ஆட்கள் உஷாராக இருப்பார்கள், சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கடையில்தான் உள்ளது உள்ளபடி வெளிவரும் என்பது அவர் கணக்கு. அதனால் சந்தேகப்பட்டவர்களை ஏதாவது சாக்குச் சொல்லி என் கடைக்குக் கூட்டிவந்தார். அளவு நாடாவை மேசைமேல் நீட்டி நடுவில் விரல் வைக்கச் சொல்வார். நல்ல ஆள் நடுவில் வைப்பான். மற்றவர்களின் விரல் வலக் கோடிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இதுதான் நடு என்று சத்தியம் பண்ணவும் தயாராக இருப்பார்கள்.

கணக்கப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கச் சொன்னார். அவர் வரவில்லை. ஒரு மழைப் பின்னேரம் மாரியம்மன் கோயில் பக்கம் நடந்துபோனவர் வீதியின் இடப்பக்கத்து மழைநீர்க் கானுக்குள் நேரே இறங்கிவிட்டார். தலையில் அடி. எடுத்து வைக்கும்போது உயிர் இல்லை. "தண்ணி சத்தம் போட்டுக்கிட்டு ஓடுது, மனுசன் அப்படியே கால வெச்சிட்டாரு," என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் ஊர் பேச ஆரம்பித்தது. இந்த டாக்டர் யாருடைய இடப்பக்கம் வந்து நிற்கிறாரோ அந்தப் பக்கம் விழுந்துவிடும் என்றார்கள். மிளகு ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்குப் பாதி டாக்டர் என்று பேர் வைத்தார்கள். அவர் தலை தெரிந்தால், "பாதி வாறாரு, முழுசா இருக்கிறவனெல்லாம் ஓடு" என்று கத்துவார்கள். என் வாடிக்கைக்காரர்களில் சிலர், அவர் வாங்கில் இருந்தால் எதிர்ப்பக்கம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குக் கோபம் வரும். அவரிடம் சொன்னால், "நல்லம், எட்டிப் பாக்கினம்தானே," என்பார்.

இதையும் சொல்லவேண்டும். வார்டில் ஒரு தோட்டத்துக் கிழவி, மகன் வந்து பார்க்கவே இல்லை என்று ஓயாமல் அழுதுகொண்டிருந்தாளாம். மகன் நாள் தவறாமல் வந்து, கட்டிலின் இடப்பக்கம் நின்று, "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிட்டு, அம்மாவுக்குத் தன்மேல் என்ன கோபமோ என்று அவனும் அழுதுவிட்டுப் போயிருக்கிறான். டாக்டர் கட்டிலைத் தூக்கித் திருப்பிப் போட வைத்தார். வாசல் வலப்பக்கம் ஆனது. அடுத்த நாள் மகன் உள்ளே வந்ததும், கிழவி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்ட சத்தத்தில் நர்ஸுகளுக்கும் கண் கலங்கிவிட்டதாம். இதை எனக்குச் சொன்னவர் மருந்து கட்டுகிற ஒருவர். டாக்டர் சொல்லவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். பயமும் போகவில்லை.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்லவேண்டும். மச்சான் என்றால் என் தாத்தாவின் புருஷன். எங்கள் ஆட்கள் அக்காவைத்தான் தாத்தா என்போம். அவர் மாத்தளை ஸ்டாண்டில் கறுப்பு ஹயரிங் கார் ஓட்டினார். வெள்ளைக்காரர்களைச் சீகிரியாவுக்குக் கொண்டுபோவார், கல்யாணக்காரர்களைக் கண்டிக்குக் கொண்டுபோவார். ஒரு கையில் ஸ்டீரிங், இடக் கையில் தேத்தண்ணீர்க் கோப்பை. வளைவில் ஒரு சொட்டுச் சிந்தாது. இடக் கையால் குடிக்கிறான் என்று அவருடைய உம்மா வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறார்.

ஒரு காலை சுபஹு தொழுதுவிட்டு வந்தவர் முற்றத்தில் சரிந்தார். பாரிசவாதம். இடக் கையும் காலும் இழுத்துக்கொண்டன. அல்லாஹ்வின் கிருபை, கை வந்தது, கால் வந்தது, பேச்சு போகவே இல்லை. தாத்தா நேர்ச்சை வைத்து ஊருக்குக் கஞ்சி ஊற்றினார். டாக்டர் அப்போது கொழும்புக்குப் போயிருந்தார். வேறொரு டாக்டர்தான் பார்த்து, சுகம் என்று வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம். அதிகம் மகிழ்ந்தது மச்சானின் உம்மா, எனக்கு மாமி. "வருத்தம் வந்தாலும் வந்திச்சு, மகனுக்கு ஒழுக்கம் வந்திருக்கு. பாருங்க, எத எடுத்தாலும் வலக் கையால எடுக்கிறான், வலக் கையால குடுக்கிறான். எத்தன வருசம் தொண்ட கிழியச் சொன்னேன்!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இடக் கை மடியில் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் இடக் கையை எங்கள் வீடுகளில் யார் கவனிக்கிறார்கள்? அம்பட்டர் வீட்டுக்கு வந்து சவரம் செய்தார், தாத்தா சட்டை மாட்டிவிட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஜும்ஆவில்தான் ஒரு சின்னக் குழப்பம் வந்தது. தொழுகையை முடிக்கும்போது வலப்பக்கம் முகம் திருப்பி ஒரு ஸலாம், இடப்பக்கம் திருப்பி ஒரு ஸலாம் கொடுக்கவேண்டும். மச்சான் வலப்பக்கத்தோடு எழும்பிவிட்டார். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தது அவருடைய சொந்த நானா, அண்ணன். வெளியே வந்து நானா பேசினார், அதற்கும் பதில் இல்லை. "காணி விசயத்த இன்னும் மனசுல வெச்சிருக்கான். தொழுகையில கூட என் மொகத்தப் பாக்க மாட்டேங்கிறான்," என்று நானா கறுவிக்கொண்டு போனார்.

இதை ஊர்க்கதை போலத்தான் டாக்டரிடம் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

"இடப்பக்கம் ஸலாம் இல்லையோ?"

"இல்ல. கோவம்."

"உம்மடை மச்சான் திரும்பக் கார் ஓட்டப் போறாரோ?"

"மக கல்யாணம் வருதே. அதுக்கு முன்ன எடுக்கணும்னு நிக்கிறாரு."

அடுத்த நாள் டாக்டர் வீட்டுக்கு வந்தார். மச்சான் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். டாக்டர் இடப்பக்கமாகப் போய் நின்றார். தாத்தா தேத்தண்ணீரோடு வந்து, ஏன் டாக்டர் உட்காராமல் நிற்கிறார், ஏன் மச்சான் உட்காரச் சொல்லாமல் இருக்கிறார் என்று விளங்காமல் என்னைப் பார்த்தார். டாக்டர் நின்றார், நின்றார். மச்சான் வலப்பக்கத்து ஜன்னலைப் பார்த்தபடி விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். 

அந்த வாரமே மச்சானைக் கடைக்குக் கூட்டிவந்தேன். பொத்தான்களைக் கொட்டினோம். நடுவில் கை நின்றது. நாடாவை நீட்டினோம், விரல் வலக் கோடிக்குப் போனது. டாக்டர் வலப்பக்கமாக வந்து, முகத்துக்கு நேரே குனிந்து, தன்மையாகச் சொன்னார். இப்போதைக்குக் கார் வேண்டாம், மாதக்கணக்காகப் பழக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக்கூடும், தானே வந்து பழக்குகிறேன் என்றார்.

மச்சான் எழும்பி நின்றார். "கை வேல செய்யுது. கால் வேல செய்யுது. கண்ணு ரெண்டும் தெரியுது. பட்டன் பொறுக்கத் தெரியாதவன் கார் ஓட்டக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? மச்சான், இந்தாளு என் வயித்துல அடிக்கிறாரு, நீயும் கூட நிக்கிறியா?"

வீடும் அவர் பக்கம்தான் நின்றது. மாமி, பாதி டாக்டர் இனி இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்றார். தாத்தா மட்டும் கார்ச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். மச்சான் கேட்டபோதெல்லாம், கல்யாணம் முடியட்டும், வேலை கிடக்கிறது என்று சாக்குச் சொன்னார். மாப்பிள்ளை வீடு உக்குவளை. சம்பந்தி, மச்சானுக்கு நல்ல சுகம் வந்த பிறகு கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தடவை சொல்லியனுப்பினார். மச்சானுக்கு அது ஆறாத அவமானமாகிவிட்டது. "நான் செத்தா பொயிட்டேன்? கல்யாணத்தன்னிக்கு சம்மந்தியையும் சம்மந்தி ஊட்டுக்காரியையும் என் கார்ல, என் கையால ஓட்டிக்கிட்டுப் போய் உக்குவளையில எறக்குறேன் பாரு," என்றார்.

கல்யாணத்துக்கு டாக்டரும் அழைக்கப்பட்டார். அழைத்தது தாத்தா.

கல்யாணம் ஒரு ஞாயிறு பகல். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை மச்சானுக்கு நேர் எதிரே உட்கார்ந்து கை கொடுத்தார். பிறகு பந்தலில் பாய் விரித்துச் சாப்பாடு. எங்கள் விருந்தில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம்; அந்தத் தட்டுக்கு சஹன் என்று பேர். சோற்றின் நடுவே முழுக் கோழி இருக்கும். வீட்டுக்காரர் அதைப் பிய்த்து மற்ற ஐந்து பேருக்கும் தன் கையால் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடவேண்டும். அதில் ஒருவரைத் தவறவிட்டால் அதைவிடப் பெரிய அவமதிப்பு எங்களிடம் கிடையாது.

மச்சானுக்கு இடப்பக்கம் சம்பந்தியை உட்கார வைத்துவிட்டார்கள். யார் வைத்தார்களோ! சம்பந்தி உட்காரும்போது ஸலாம் சொன்னார். பதில் வரவில்லை. அவர் முகம் சுருங்கியது. மச்சான் சிரித்த முகமாகக் கோழியின் ஒரு பக்கத்தைப் பிய்த்து வலப்பக்கத்தில் இருந்த எனக்கு வைத்தார், எனக்கு அடுத்த பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கு வைத்தார், எதிரே மாப்பிள்ளைக்கு வைத்தார். பிறகு கையைச் சோற்றில் வைத்து, "பிஸ்மி சொல்லுங்க," என்றார். சம்பந்திக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் முன்னால் வெறும் சோறு. கோழியின் மறுபாதி தட்டில் அப்படியே கிடந்தது.

சம்பந்தி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு சோற்றிலிருந்து கையை எடுத்து உதறிக்கொண்டு எழும்பினார். "எழும்புங்க மகன். போவம்."

பந்தல் முழுக்க நிமிர்ந்தது. உள்ளே பெண்கள் பக்கம் வளையல் சத்தமும் நின்றுவிட்டது. நிக்காஹ் முடிந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, மாப்பிள்ளை எழும்பவா இருக்கவா என்று தகப்பனைப் பார்க்கிறார். மச்சான் என்னிடம், "யாரு கோவிச்சிக்கிட்டுப் போறது?" என்று கேட்டார்.

டாக்டர் சைவம். அவருக்காகத் தனியாக எடுப்பித்த சாப்பாட்டோடு ஓரமாகக் கதிரையில் இருந்தார். எழும்பி வந்தார். "கொஞ்சம் பொறுங்கோ ஐயா," என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு, பாயில் முழங்காலிட்டு, சஹனின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பினார். கோழியின் மறுபாதி மச்சானின் வலப்பக்கம் வந்தது.

"அட, இவ்வளவு கோழி எங்க இருந்திச்சு?" என்றார் மச்சான். "ஏன் மச்சான் சொல்லல்ல? சம்மந்திக்கு இன்னும் வெக்கவே இல்லையே. சம்மந்தி எங்க?"

டாக்டர் சம்பந்தியின் முழங்கையைப் பிடித்துச் சுற்றிக் கூட்டிவந்தார். நான் எழும்பி இடம் விட்டேன். வலப்பக்கம் அவர் உட்கார்ந்ததும் மச்சானின் முகம் மலர்ந்துபோயிற்று.

"வாங்க சம்மந்தி! எவ்வளவு நேரமாத் தேடுறேன்! எங்க போயிருந்தீங்க?" என்று கோழியில் நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து அவருக்கு வைத்தார்.

சம்பந்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். நானாவும் தூணோரம் நின்று அழுதார். எனக்கும் தாங்கவில்லை. கல்யாணம் பிழைத்தது, ஆனால் அந்தப் பந்தலில் இருந்த ஒவ்வொருவருக்கும் விளங்கிவிட்டது. விளங்காதவர் அவர் ஒருவர்தான்.

எல்லாருக்கும் விளங்கிய பிறகும் நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மச்சான் வாசலில் வந்து நின்று, "சாவியக் குடு," என்று தாத்தாவிடம் கையை நீட்டினார். சம்பந்தி வீட்டார் முன்னால், மகளின் கல்யாணத்தன்று, புருஷன் கேட்டு இல்லை என்று சொல்ல எங்கள் பெண்களுக்கு வராது. தாத்தா என்னைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார். நாங்கள் ஆம்பிளைகள் நிலத்தைப் பார்த்தோம். பெண்ணின் தகப்பனைக் கையைப் பிடித்து இழுக்க எவனுக்கும் துணிவு இல்லை. மானத்தைக் காப்பாற்றுகிறோமாம். தாத்தா முடிச்சை அவிழ்த்தார்.

சம்பந்தியும் பெண்சாதியும் பின்சீட்டில் ஏறியிருந்தார்கள். டாக்டர் அவர்களிடம் போய்க் குனிந்து என்னவோ சொன்னார். இருவரும் இறங்கி, ரயிலில் போகிறோம் என்றார்கள். மச்சானின் முகம் கறுத்துவிட்டது. "யாரும் ஏறவேணாம். உக்குவளைக்குப் போய்த் திரும்பிக் காட்டுறேன்," என்று காரை ஸ்டார்ட் பண்ணினார்.

டாக்டர் வலப்பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். "என்னைக் குவாட்டர்ஸிலை விடுவியளோ?"

"ஏறுங்க டாக்டர். நீங்களும் பாருங்க."

டாக்டர் காரைச் சுற்றிப் போய் இடப்பக்கத்து முன்கதவைத் திறந்து, மச்சானுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினார். மச்சான் இன்னும் வலப்பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் எங்க போயிட்டாரு? ஏறல்லையா?"

"இஞ்சை இருக்கிறன்," என்றார் டாக்டர், தோளோடு தோளாக.

மச்சான் வலப்பக்கம் திரும்பினார். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தேடினார். "கொரல் கேக்குது, ஆளக் காணமே?"

டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கண்ணைப் பற்றி எவ்வளவோ சொன்ன மனிதர் காதைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. சத்தமும் இடம் மாறிக் கேட்கும் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். நான் ஓடிப்போய் இடப்பக்கத்து ஜன்னலைப் பிடித்தேன்.

"எறங்குங்க டாக்டர். எறங்கிடுங்க."

கதவின் பிடியில் கை வைத்தார். வீதியைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"சந்தை நாள், தம்பி. சனம் இந்தப் பக்கந்தானே நடக்குது."

கார் நகர்ந்தது. குவாட்டர்ஸுக்குத் திரும்பும் சந்தியில் அது திரும்பவில்லை, நேரே கண்டி ரோட்டில் போனது. நான் யாருடையதோ சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் மிதித்தேன். தொழுகையில் ஓதுகிறதெல்லாம் வாயில் வந்தது.

உக்குவளைக்கு முன்னால் ஒரு வளைவில் மாரா மரம் ஒன்று வீதியை ஒட்டி நிற்கும். அங்கே சந்தைக் கூடைகளோடு சில சிங்களப் பெண்கள் வயலுக்குள் இறங்கி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கும் காயம் இல்லை. வெள்ளைச் சட்டைக்கார மாத்தயா ஒருவர் ஜன்னலால் கையை வெளியே போட்டு, "வமட்ட, வமட்ட", இடப்பக்கம் இடப்பக்கம் என்று கத்தி விலகச் சொன்னார், வயலுக்குள் குதித்தோம் என்றார்கள். காரின் இடப்பக்கம் முழுதும் மரத்தில் போய் நசுங்கியிருந்தது. டாக்டர் கதவுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்தார். கை இன்னும் ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி இருந்தது. உயிர் இல்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை போல அழுதேன்.

மச்சான் மற்றப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மேலில் ஒரு கீறல் இல்லை. கல்யாணச் சால்வையால் வலப்பக்கத்து மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் அழுகைச் சத்தத்துக்கு அவர் தன் வலப்பக்கம், கண்டிப் பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் சுற்றி வந்து முன்னால் நின்ற பிறகுதான் என்னைக் கண்டார்.

"ஏன் மச்சான் அழுவுற? காருக்கு ஒண்ணும் ஆகல்ல. பாரு, ஒரு கீறல் இல்ல."

"டாக்டர்..." என்றேன்.

"அவரு ஏறவே இல்லையே. கூப்பிட்டேன், பயந்து நின்னுட்டாரு." வலப்பக்கத்து ஜன்னலைத் தட்டிக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு, மச்சான். வழி பூரா இந்த ஜன்னலுக்கு வெளிய யாரோ அவரு மாதிரியே பேசிக்கிட்டு வந்தாங்க. இடப்பக்கம் பாருங்கோ, இடப்பக்கம் பாருங்கோன்னு ஒரே சத்தம். யாருன்னு பாக்க இந்தப் பக்கமே திரும்பிப் பாத்துக்கிட்டு வந்தேன். ஒருத்தரும் இல்ல."